எட்டு மடங்கு

என் அக்காவைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. அவள் வேலை பார்த்த சிலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. 'சிற்பியின் விரல்கள் வெண்கலத்தோடு பேசுகின்றன' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் இருமல் மருந்துப் புட்டிகளுக்கு அடியில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்தேன். சிற்பியின் விரல்கள் பேசியது ஒரு முழ உயரக் களிமண் உருவத்தோடு. அதை எட்டு மடங்காக்கிப் பன்னிரண்டு அடிக்கு நிறுத்தியது என் அக்கா. எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார்களா என்பது எனக்கு விளங்கியதே இல்லை. எதுவானாலும் கோபம் வருகிறது.

அந்த வேலையைப் பட்டறையில் 'பெருக்குவது' என்பார்கள். கல்யாண வீடுகளில் யாராவது, "அக்கா எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டால், "சிலை பெருக்குறாங்க" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். ஏதோ பூங்காவில் துடைப்பத்தோடு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள். "அதுவும் சுத்தமா செய்ய வேண்டிய வேலைதானே" என்பாள்.

வேலை இப்படித்தான். சின்னச் சிலைக்கு மேலே ஒரு மரச்சட்டம். பெரிய சிலை வரப்போகும் இடத்துக்கு மேலே, அதைப்போலவே எட்டு மடங்கில் இன்னொரு சட்டம். இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டு கட்டிய நூல் தொங்கும். நூலிலிருந்து சின்னச் சிலையின் தோள் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காலிப்பர் என்ற இரண்டு கால் அளவுக் கருவியால் அளப்பாள். அதை எட்டால் பெருக்குவாள். பெரிய பக்கத்தில், இரும்புக் கம்பியும் சணலும் பிளாஸ்டருமாக நிற்கும் உடம்பில், அந்த அளவுக்கு ஒரு ஆணியை அடிப்பாள். ஆணியின் தலை எங்கே நிற்கிறதோ அங்கேதான் தோளின் மேல்தோல். இப்படி இரண்டாயிரம், மூவாயிரம் ஆணிகள். பிறகு ஆணித் தலைகள் மறையும் வரை பிளாஸ்டர் பூசினால் சிலை நிற்கும். அதிலிருந்து அச்செடுத்து வெண்கலத்தில் வார்ப்பது வேறு ஆட்களின் வேலை. பெயர் போட்டுக்கொள்வது இன்னும் வேறு ஆளின் வேலை.

அக்காவுக்கு அளவு என்பது பிறவியிலேயே வந்தது என்று நினைக்கிறேன். எங்கள் அம்மா ரொட்டியை வெட்டித் தந்தால் எனக்குப் பெரிய துண்டு போனதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவாள். சண்டை போடமாட்டாள், வெறுமனே தெரிவிப்பாள். அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பால்பவுடர் வேண்டும் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். டின் திறக்கவில்லை. அவள் கத்தியை விட்டு நெம்பினாள். மூடி எகிறி அவளுடைய இடது கட்டைவிரலின் வயிற்றுப் பக்கத்தைக் குறுக்காகப் பிளந்துவிட்டது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முதலில் எனக்குப் பவுடர் கொடுத்தாள். நானும் அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவள். அந்தக் காயம் ஆறி, சாய்வாக ஒரு பள்ளமான வடுவாக நின்றுவிட்டது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒரு சட்டைக்கு ஒரு அளவில் அட்டை வெட்டித் தருவார்கள், அதை அவள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஏற்றி இறக்கி வரைய வேண்டும். எங்கள் எதிர் வீட்டில் ஒருவர் இருந்தார். சிலைப் பட்டறையில் பிளாஸ்டர் கலக்குகிறவர். புருவம் வரை வெள்ளையாகத்தான் வீடு திரும்புவார், அதனால் தெருவே அவரை 'மாவு' என்றது. எங்களுக்கு மாவு அண்ணன். அவர்தான் ஒருநாள் எங்கள் அம்மாவிடம் வந்து, "சட்டையைப் பெருசாக்குற பொண்ணு சிலையைப் பெருசாக்க மாட்டாளா?" என்று கேட்டு அவளை அழைத்துப்போனார். அங்கே போனவள்தான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. அத்தான் தபால்காரர். அவர்கள் கிளம்பிப் போனதும், "எப்படிடீ இருக்கார்?" என்று அம்மா கேட்டாள். "இடது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்றாள் இவள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "பை மாட்டுற தோள்மா. வேலை செய்யறவர்னு தெரியுது" என்று முடித்தாள். அத்தானுக்கு இந்தக் கதை தெரியும். இப்போதும் வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால், "அரை அங்குலம் இறங்கித்தான் வந்திருக்கேன், இன்னும் இறங்கச் சொல்றியா?" என்பார்.

இனி ஐயாவைப் பற்றி. சிற்பியைப் பட்டறையில் எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வார்கள். எண்பதை நெருங்குகிறவர். பெரிய பெயர். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் எல்லாம் அவருடைய சிலைகள் நிற்கின்றன. அவருடைய பெண் உருவங்களுக்கு முகம் இருக்காது. முதுகும் தோளும் கையுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். யாரையும் பாராட்டமாட்டார். பன்னிரண்டு அடிச் சிலையைச் சுற்றி வந்து "ம்" என்பார். அந்த 'ம்' வந்தால் அக்கா அன்றைக்கு வீட்டில் பாட்டு முணுமுணுப்பாள். இதற்காக எத்தனை முறை அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். "ஒரு எழுத்துக்கு ஒரு வருஷ உழைப்பாக்கா?" என்பேன். "ஐயாவுக்கு அவ்வளவுதான் வரும்" என்பாள்.

ஒரு முறை அவர் கொடுத்த சின்னச் சிலையின் இடுப்பில் கறுப்பாக ஒரு துளி மேடு இருந்தது. அக்கா கண்ணாடி வைத்துப் பார்த்தாள். களிமண்ணில் ஒட்டிச் செத்துப்போன ஈ. ஈயையும் எட்டு மடங்காக்க வேண்டுமா, கூடாதா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அவரிடமே போய்க் கேட்டாள். அவர் கத்தித் தீர்த்துவிட்டார்.

"இருக்கிறதைப் பெருசாக்கு. எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான் பாத்துக்கறேன். இனிமே இப்படி வந்து கேக்காதே."

பிறகு அவரே வந்து ஈயை ஊசியால் எடுத்துப் போட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். சிலையில் இருந்தால் அது ஐயாவுடையது. அவருடைய நகம் கீறியிருந்தாலும், கருவி வழுக்கியிருந்தாலும், அப்படியே எட்டால் பெருக்கி ஆணி அடித்துவிடுவாள். இப்படிப் பதினொரு சிலைகள் ஆயின. ஒரு புள்ளி பிசகாதவள் என்று பட்டறையில் பெயர். இந்தப் பெயர் மட்டும்தான் அவள் சம்பாதித்தது என்று நான் சொல்வேன். அதுதான் அவளுக்கு உயிர்.

பன்னிரண்டாவது சிலை, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொள்ளும் ஒரு பெண். புதிய ரயில் நிலையத்தின் முன்னால் வைக்கப்போவதாகப் பேச்சு. அத்தனை பேர் அவசரமாக ஓடும் இடத்தில் ஒருத்தி நின்று நிதானமாகச் செருப்பு மாட்டுகிறாள் என்பதே எனக்குப் பிடித்திருந்தது, ஐயாவை எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

சின்னச் சிலையை அக்காதான் அவருடைய வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். எண்ணெய் கலந்த களிமண், அது காயாது. வெயில் பட்டால் வெண்ணெய் மாதிரி இளகும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார். பாதி வழியில் பெட்டியின் அடிப்பலகை கழன்றுகொண்டது. உச்சி வெயிலில், நெரிசலில் நகராத பஸ்ஸில், ஒரு மணி நேரம் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் தாளைப் பிரித்தபோதுதான் முதன்முதலாக அந்தச் சிலையைப் பார்த்தாள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் குழி, குழிக்குள் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு. குனியும் பெண்ணின் முதுகு இழுத்துப் பிடிக்கும் இடம் அது. ஐயா எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று வியந்துகொண்டு அளக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் ஐயாவே பட்டறைக்கு வந்தார். சிலையைக் கொடுத்த பிறகு அவர் அதைத் தொடுவதே இல்லை. அன்றைக்கு முக்காலியில் உட்கார்ந்து, சின்னச் சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, மரக்கருவியால் கழுத்தையும் வலது இடுப்பையும் அரைநாள் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. எழுந்து போய்விட்டார். சிலை நூலுக்கு அடியிலிருந்து நகர்ந்துவிட்டதில் அக்கா அதுவரை எடுத்த அறுபத்திரண்டு அளவுகளும் வீண். அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து டீயைக்கூடத் தொடாமல் பொருமியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"முதல்லயே தலையைக் குனிய வெச்சிருக்கக் கூடாதா? இப்ப மூணு நாள் வேலை போச்சு."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

ஏழு மாதம் போயிற்று. சிலை எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமை ஐயா கடைசியாக ஒருமுறை பார்க்க வருவார், திங்கட்கிழமை வார்ப்படப் பட்டறையின் லாரி வந்து பிளாஸ்டரை ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாகியிருந்தது. அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை, அக்கா சாரத்தில் ஏறி முதுகுக்குக் கடைசிப் பூச்சு கொடுத்து, அந்தக் குழியை வழவழப்பாக்கி, குழிக்குள் ஓடும் கோட்டை நல்ல கயிறு கனத்துக்கு அழகாக உருட்டி எடுத்துவிட்டு, குழாயடிக்குக் கை கழுவ வந்தாள். விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் கரைந்தது. ஆனால் கட்டைவிரலின் வடுவுக்குள் இறங்கியிருந்தது மட்டும் போகவில்லை. சிவந்த தோலில் வெள்ளையாக, சாய்வாக ஒரு கோடு.

குழாயை மூடாமலேயே நின்றாளாம். பிறகு உள்ளே போய், சின்னச் சிலையின் முதுகில் இருந்த குழியில் தன் இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சரியாகப் போய் உட்கார்ந்தது. விரலில் பள்ளம் இருக்கும் இடத்தில் களிமண்ணில் மேடு. பஸ்ஸில் மடியில் சாய்த்துப் பிடித்தபோது பிளாஸ்டிக் தாளின் மேல் அழுந்திய அவளுடைய விரல் அது. ஏழு மாதமாக அவள் தன் கட்டைவிரல் ரேகையைத்தான் காலிப்பரால் அளந்து, எட்டால் பெருக்கி, நாற்பத்தோரு ஆணி அடித்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கும் அளவுக்குப் பெரிய பள்ளமாகக் கட்டியிருக்கிறாள். மில்லிமீட்டர்கூடத் தப்பாமல்.

நேராக என் கடைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவிட்டேன். அவள் கையைத் தள்ளிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, உண்மையைச் சொல்கிறேன், மனசு குளிர்ந்தது. பதினொரு சிலைகளில் எங்குமே இல்லாத என் அக்கா பன்னிரண்டாவதில் ஒரு கிண்ணம் அளவுக்கு இருக்கிறாள். அதுவும் என் பால்பவுடர் டின்னோடு சேர்ந்து.

"கம்முனு இரு" என்றேன். "யாருக்குத் தெரியும்? அவரே பாத்துட்டு 'ம்'னு சொல்லப் போறார். வெண்கலமா ஆயிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமேடீ."

"அப்ப பூசி மூடிடு. ஒரு கரண்டி பிளாஸ்டர்."

"அங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. நான் அதைப் பாக்கவே இல்லையே. நானா எதையாவது பூசினா அது ரெண்டாவது பொய்."

அவளுக்குப் பயம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சொன்னால் ஐயா அவளை அந்தப் பட்டறை வாசல்படி மிதிக்க விடமாட்டார். ஒரு புள்ளி பிசகாதவள் என்ற பெயரும் போய்விடும். சொல்லாவிட்டால் ரயில் நிலையம் இருக்கும்வரை, அவள் செத்த பிறகும், அவருடைய சிலையில் அவருக்குத் தெரியாமல் ஒரு பிழை நிற்கும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அத்தான் எனக்குப் போன் பண்ணினார்.

"உங்க அக்கா காலையில என் ரெண்டு தோளையும் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போறா. எனக்குப் பயமா இருக்கு. என்ன விஷயம்?"

புதன்கிழமை காலையில் அக்கா ஐயாவின் வீட்டுக்குப் போக முடிவு செய்தாள். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். துணைக்கு என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் சண்டைக்குத்தான் போனேன். அந்த மனிதர் வாயைத் திறந்தால் சொல்வதற்கு இருபத்திரண்டு வருஷத்துக்கான வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவரே மெதுவாக வந்து கதவைத் திறந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். அறை முழுக்க ஜன்னல் வெளிச்சம். சுவரில் எந்தப் படமும் இல்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், ஒரு தட்டில் பாதி கடித்த பிஸ்கட். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. பெரிய சிலைகளை ஏன் அவரே செய்வதில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெள்ளிக்கிழமைதானே?" என்றார். "இது யாரு?"

"என் தங்கச்சிங்க ஐயா."

"உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. இடது கையை மேஜைமேல் வைத்துக் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள்.

"ஐயா, முதுகுல ஒரு குழி இருக்குல்ல. அது நீங்க பண்ணினது இல்ல. பஸ்ல வர்றப்போ என் விரல் அழுந்திடுச்சு. எனக்குத் தெரியலை. நான் அதையே அளந்து கட்டிட்டேன்."

அவர் அந்த விரலைப் பார்க்கவே இல்லை. பாதி பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

நான்தான், "என்ன தெரியும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் தடிப்பாகக் கேட்டது.

"எண்பது வருஷமா என் கட்டைவிரலோட குடும்பம் நடத்தறேன். என் விரல் எது, அடுத்தவங்க விரல் எதுன்னு தெரியாதா? இந்தக் குழிக்குள்ள என் விரல் நுழையவே நுழையாது." தன் விரலைத் தூக்கிக் காட்டினார். சப்பையாக, கரண்டிக் காம்பு மாதிரி அகலமாக இருந்தது. "மூணாம் நாள் வந்தேன்ல. தடவினதுமே தெரிஞ்சுது."

"அப்ப எதுக்கு ஐயா கழுத்தை மாத்தினீங்க?" என்றாள் அக்கா.

"வேற என்ன பண்றது? முதல்ல கோபம்தான் வந்துச்சு, குழியை மூடிடலாம்னுதான் உக்காந்தேன். அப்புறம் பாத்தா, அங்க குழி விழுந்ததும் முதுகு நான் நெனச்சதை விட அதிகமா இழுத்துப் பிடிக்குது. அப்படி இழுத்தா தலை இன்னும் கொஞ்சம் இறங்கணும், அந்தப் பக்க இடுப்பு கொஞ்சம் ஏறணும். நீ ஒரு நிமிஷத்துல அழுத்தினதுக்குப் பதில் சொல்ல எனக்கு அரைநாள் ஆச்சு."

அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் ஐயா அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா ஒரு மாசம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பே. எனக்கு அவ்வளவு நாள் இருக்கோ இல்லையோ."

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் விடவில்லை. "மூணு நாளா அவ சாப்பிடலைங்க" என்றேன்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். முதன்முறையாக அந்த விரலைப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய நடுக்கத்தில் அவள் கையும் சேர்ந்து நடுங்கியது.

"ஏம்மா, பதினோரு சிலை பெருக்கியிருக்கே. என் கை பிசகின இடத்தை எல்லாம் நீ பிசகாம பெருசாக்கினே. ஒரு தடவைகூட மூஞ்சி சுளிச்சதில்லை. உன் கை ஒரே ஒரு தடவை பிசகினா நான் பொறுத்துக்க மாட்டேனா?"

அக்கா அழுதாள். சத்தம் இல்லாமல், மேஜைமேல் கையை அப்படியே வைத்துக்கொண்டு. நானும் அழுதேன், எனக்கு எந்தக் காரணமும் இல்லாதபோதும். அவருக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். அது காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நானும் பட்டறைக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் உள்ளே நுழைவது அதுதான் முதல் முறை. அவ்வளவு ரோஷம் எனக்கு. வெள்ளைவெளேர் என்று அந்தப் பெண் குனிந்திருந்தாள். மாவு அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் நின்றபோது எது சிலை, எது ஆள் என்று ஒரு கணம் தெரியவில்லை. ஐயா ஒரு கையால் மாவு அண்ணனைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். முதுகுப் பக்கம் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன கயிறு?"

எல்லோரும் விழித்தோம்.

"குழிக்குள்ள. குறுக்கே ஒரு கயிறு போகுதே."

"அது என் வடுங்க ஐயா" என்றாள் அக்கா. "சின்னச் சிலையிலயே இருந்துச்சே."

"என் கண்ணுக்கு அந்த அளவெல்லாம் எங்க தெரியுது? விரல்லயும் படலை." மறுபடி அண்ணாந்து பார்த்தார். "எதுல வெட்டினது?"

"பால்பவுடர் டின். இவளுக்காகத்தான்."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இருக்கட்டும் என்று சொல்லப்போகிறார் என்று உறுதியாக நம்பினேன். ரயில் நிலையத்தின் முன்னால், என் அக்காவின் வடு, எட்டு மடங்கில்.

"எடுத்திடு" என்றார். "குழி என்னோடது. கயிறு உன் வீட்டு சமாசாரம்."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவோ துள்ளிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டாள், பதினெட்டு வயதுப் பெண் மாதிரி. அரத்தை எடுத்துப் பத்து நிமிஷம் ராவினாள். வெள்ளைத் தூள் என் தலையில் கொட்டியது. உள்ளங்கையால் தடவி, கன்னத்தை வைத்துப் பார்த்து, இறங்கி வந்தாள். காலிப்பரை எடுக்கவே இல்லை.

ஐயா இன்னொரு முறை சுற்றி வந்தார். "ம்" என்றார்.

அப்போது அது எனக்கும் கேட்டது. எவ்வளவு நீளமான எழுத்து என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வெளியே நல்ல வெயில். "உனக்கு வருத்தமா இல்லையாக்கா? அந்தக் கோட்டை எடுத்தது?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நாற்பத்தோரு ஆணியில கடைசி ஒன்பது அந்தக் கோட்டுக்குத்தான் அடிச்சேன். அப்பவே ஒட்டாம இருந்துச்சு. இப்பதான் சரியா இருக்கு." கட்டைவிரலை எனக்கு முன்னால் நீட்டினாள். பள்ளத்துக்குள் வெள்ளை இன்னும் போகவில்லை. "அசல் இங்கதானே இருக்கு. உனக்கு வேணும்னா பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை என் மடியில் கனத்தது. தலை என் தோளில் சாய்ந்தது. ஆறு நாளாகத் தள்ளிப்போன தூக்கம். எங்கள் நிறுத்தம் வந்தது. நடத்துனர் பெயர் சொல்லிக் கூவினார். பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டே எத்தனையாவது நிறுத்தம் என்று சொல்கிறவள், அசையவில்லை.

நான் எழுப்பவில்லை. தோளை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன், அரை அங்குலம் இருக்கும்.